பிடிக்கலாம், தள்ளக் கூடாது

எங்கள் சைக்கிள் கிளப்பில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. நான் அங்கே நேரம் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கிடங்குகளுக்குப் பின்னால் போகும் அகலச் சாலையில், லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்வேன். ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவேன். ரவுண்டானா வரை போய்த் திரும்பி வருபவர்களின் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். மற்ற நாட்களில் ஜெராக்ஸ் கடை. அங்கேயும் எனக்கு நல்ல பெயர் கிடையாது என்பது என் மனைவியின் கருத்து. கிளப்பில் என்னை ‘ஸ்டாப்வாட்ச்’ என்று கூப்பிடுவார்கள். அது முகத்துக்கு நேராக. முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என் பெருமை அல்ல, எக்ஸ்ரே அக்காவின் கதை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட வயதில் இளையவர்தான். இருந்தாலும் ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இந்த உறவுமுறையை விளக்கச் சொல்லி யாரும் என்னிடம் வரக் கூடாது.

எங்கள் போட்டியில் புறப்படும்போது ஓட்டுபவரின் இரண்டு ஷூக்களும் பெடலில் பூட்டியிருக்கும். கால் ஊன்ற முடியாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைத்தான் அக்கா வருடக்கணக்கில் செய்துவந்தார். குச்சி மாதிரி இருக்கும் பையனும் சரி, பீப்பாய் மாதிரி இருக்கும் எங்கள் தலைவர் பல் டாக்டரும் சரி, அக்கா பிடித்தால் சைக்கிள் சுவரில் அறைந்த ஆணி மாதிரி அசையாமல் நிற்கும். பிடித்தபடி, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், “மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க” என்பார். புதிதாக வந்தவர்கள் தங்களுக்கு விலா எலும்பு ஏதும் முறிந்துவிட்டதோ என்று மிரண்டு போவார்கள்.

சீட்டைப் பிடிப்பவருக்கு ஒரே ஒரு விதி. பிடிக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் ஓட்டியவர் கணக்கில் பத்து விநாடி ஏற்றிவிடுவேன். இதில் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என் சொந்த மச்சானுக்கே ஒரு தடவை ஏற்றினேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் எனக்குச் சூடாகக் காபி வந்ததில்லை. அக்கா பிடித்த காலத்தில் அந்தப் பிரச்சினையே எழவில்லை. கையை எடுப்பார், அவ்வளவுதான்.

அக்கா இந்த வேலைக்கு வந்ததே கணவரால். அவர் லிஃப்ட் மெக்கானிக். நெட்டை மனிதர். எங்கள் கிளப்பில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. எங்கள் மாதிரி நேரப் போட்டிக்கென்றே செய்த அவருடைய டைம் ட்ரையல் சைக்கிள் கத்தி மாதிரி மெலிந்து, ஹாண்டில்பார் தாழ்ந்து, சீட் பின்னால் தள்ளி இருக்கும். அதில் அவர் குனிந்து படுத்தால் முதுகில் ஒரு தட்டை வைத்து விருந்து பரிமாறலாம். ட்ரையத்லான் சைக்கிள்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. நீந்திக் கரையேறி, சைக்கிள் ஓட்டி, பிறகு இறங்கி ஓடவும் வேண்டியவர்களுக்காகச் செய்தது அது. காலில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கட்டும் என்று சீட்டை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். தண்ணீருக்கு ஒரு டப்பா, தின்பதற்கு ஒரு டப்பா என்று அங்கங்கே பொருத்தியிருப்பார்கள். எங்கள் போட்டிக்கு இரண்டில் எதைக் கொண்டுவந்தாலும் நான் தடுப்பதில்லை. ஆனால் அவர், “இது சைக்கிளா, சமையலறை அலமாரியா?” என்று கேட்டு ஆளை ஓட ஓட விரட்டுவார்.

அப்படிப்பட்டவரின் நெஞ்சு ஒருநாள் லிஃப்ட் அறையில் வேலை செய்யும்போது மக்கர் செய்தது. பிழைத்துக்கொண்டார். டாக்டர், மெதுவாக ஓட்டலாம், போட்டி மட்டும் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மெதுவாக ஓட்டுவது என்றால் என்னவென்றே அந்த மனிதருக்குத் தெரியாது. சைக்கிளைக் கொண்டுபோய்ச் சாமான் அறையில் தொங்கவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா மட்டும் வழக்கம்போல ஞாயிறுதோறும் வந்து, மற்றவர்களின் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, எல்லாரும் போன பிறகு என் நாற்காலியை மடக்கிக் கொடுத்தபடியே, “அண்ணே, நானும் ஓட்டப்போறேன்” என்றார்.

“அவருக்காகவா?” என்று கேட்டேன்.

“பாதி அவருக்காக. வீட்ல ஒருத்தர் பேசாம உட்கார்ந்திருந்தா எவ்வளவு சத்தமா இருக்கும் தெரியுமா? மீதி பாதி என் ஆசைண்ணே. இத்தனை வருஷமா எல்லார் முதுகையும் பார்த்தாச்சு. முன்னால ரோடு எப்படி இருக்கும்னு பார்க்க வேணாமா?”

கணவரின் சைக்கிள் அவருக்கு எட்டாது. ஆகவே புதிது பார்க்கக் கடைக்குப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார் என்றால் என்னிடம் வேன் இருந்தது. கடைக்காரர் முதலில் கணவரிடம் இருப்பது மாதிரியே ஒரு டைம் ட்ரையல் சைக்கிளைச் சின்ன அளவில் எடுத்து நிறுத்தினார். அக்காவின் கண்கள் விரிந்தன. கடையின் பின்பக்க முற்றத்தில் அதைச் சுற்றி ஓட்டினார். ஹாண்டில்பார் மேல் முழங்கை வைக்க இருக்கும் தாழ்ந்த மெத்தைகளில் கையை ஊன்றிக் குனிந்ததும் முட்டி வந்து வயிற்றில் இடித்தது. கழுத்தை நிமிர்த்தினால்தான் எதிரே இருக்கும் சுவர் தெரிந்தது.

“சூப்பரா இருக்கு மேடம், அப்படியே இருங்க” என்று கடைக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

“படத்துல நல்லாத்தான் இருப்பேன். படத்துக்குள்ளயே இருந்துட முடியுமா?” என்று அக்கா இறங்கிவிட்டார்.

அடுத்து ட்ரையத்லான் சைக்கிள். சீட் முன்னால் இருந்ததால் இடுப்பு மடங்கி நெருக்கவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிறுத்தச் சொன்னால் நிறுத்தவில்லை. கடைசியில் மூச்சு வாங்க வந்து நின்று, அந்த டப்பாக்களைத் தடவிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பு இதைக் கேட்கிறது, மனசு அந்த மனிதர் என்ன சொல்வாரோ என்று அடித்துக்கொள்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது. “அக்கா, ஓட்டப்போறது நீங்களா, அவரா?” என்று எரிந்து விழுந்தேன். அதையே வாங்கினார்.

வீட்டு வாசலில் இறக்கியபோது கணவர் வெளியே வந்தார். சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். “டிபன் பாக்ஸ் வாங்கிட்டு வந்திருக்கியா?” என்றார். உள்ளே போய்விட்டார். அக்கா சிரித்துச் சமாளித்தார். எனக்கோ அந்த மனிதரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று வந்தது. நெஞ்சு சரியில்லாதவர் என்பதால் விட்டேன்.

அதற்குப் பிறகு மழைக்காலம். அக்கா ஹாலில் பின்சக்கரத்தை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, வேலை முடிந்து வந்து அங்கேயே மிதிப்பார். எதிர்ச்சுவரில் கணவர் ஜெயித்த நாட்களின் போட்டோக்கள். எல்லாவற்றிலும் அவர் படுத்த மாதிரி இருப்பார். அக்கா செய்த காரியம் என்ன தெரியுமா? அந்தப் போட்டோக்களைப் பார்த்து முழங்கை மெத்தைகளை அதே மாதிரி கீழே இறக்கிவிட்டார். வசதிக்கென்று ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் வசதியைக் கழற்றி எறிவது எங்கள் கூட்டத்தில் மட்டுமே நடக்கும் கூத்து. கழுத்து பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தலையைத் திருப்ப முடியாமல், நோயாளியைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் முழு உடம்போடு தானும் திரும்பினாராம்.

ஒருநாள் மாலை அக்கா முனகிக்கொண்டே மிதித்தபோது, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மெத்தையைத் தூக்கு.”

“என்னது?”

“முழங்கை மெத்தையைத் தூக்குன்னேன். என் முதுகு வேற, உன் முதுகு வேற.”

அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஆனால் மறுநாள் அக்கா வேலையிலிருந்து வந்து பார்த்தால், இரண்டு மெத்தைகளும் உயர்ந்திருந்தன. சீட்டின் முனைகூட லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. “நீங்களா செஞ்சீங்க?” என்றால், “எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாராம். இதை அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் பஞ்சாங்கம் பார்ப்பவன் மாதிரி ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்து வருடக் கடைசிப் போட்டி வந்தது. அக்கா பெயர் கொடுத்தார். கூடவே ஒரு குண்டையும் போட்டார்.

“அவர் வந்து சீட்டைப் பிடிச்சாத்தான் நான் ஏறுவேன். வரலன்னா என் பேரை அடிச்சிடுங்க.”

“சொல்லிட்டீங்களா அவர்கிட்ட?”

“சொன்னேன். பார்க்கலாம்னார்.”

வீட்டுக்காரர்கள் சொல்லும் ‘பார்க்கலாம்’ என்றால் என்னவென்று கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. “இதென்ன அழிச்சாட்டியம்? மாசக்கணக்கா மிதிச்சிருக்கீங்க, பல் டாக்டர் பிடிப்பார், ஏறிப் போங்க” என்றேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. “அவர் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் நான் பின்னால இருந்தேன். எனக்கு ஒரே ஒரு தடவை அவர் இருக்கட்டும்ணே. அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல” என்றார்.

போட்டியன்று காற்று பலமாக இருந்தது. ஒவ்வொருவராக அனுப்பினேன். அக்காவுக்கு முன்னால் இருந்தவரும் போய்விட்டார். அக்கா கோட்டருகே சைக்கிளைப் பிடித்தபடி தரையில்தான் நின்றார். ஹெல்மெட்டுக்குள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. பல் டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு, “ஏறும்மா, நான் பிடிக்கிறேன்” என்றார். அக்கா தலையசைத்து மறுத்தார். நான் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அது நிற்காது. யாருக்காகவும் நான் நிறுத்தியதும் இல்லை. அன்று மட்டும் இந்தச் சனியன் பிடித்த கடிகாரம் பழுதானால் தேவலை என்று தோன்றியது.

அப்போது எடைமேடை அறைக்குப் பின்னாலிருந்து அந்த நெட்டை மனிதர் வந்தார். எப்போதிருந்து அங்கே நின்றிருந்தாரோ. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக வந்து பல் டாக்டரை ஒதுக்கிவிட்டுச் சீட்டைப் பற்றினார்.

“ஏறு” என்றார்.

அக்கா ஏறினார். ஷூக்களைப் பூட்டிக்கொண்டார். சைக்கிள் இடமும் வலமும் ஆடியது. ஆயுள் முழுக்கப் பிறர் பிடித்துவிடப் புறப்பட்ட மனிதர். பிடிக்கும் வேலை அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, “மூச்சை இழு” என்றார். அக்கா சிரித்துவிட்டார். “அப்படியே பிடி” என்றார். நான் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணினேன். “போ!” என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. தள்ளினார். சும்மா ஒப்புக்கு இல்லை. கூடவே ஓடி, முதுகில் கைவைத்து, மூச்சிரைக்க ஒரு தள்ளு தள்ளினார். அக்கா காற்றைக் கிழித்துக்கொண்டு போனார். கணவர் நடுரோட்டில் கை நீட்டியபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது. அசடு வழியத் திரும்பி வந்தார்.

“தள்ளிட்டேன் இல்ல?”

அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரவுண்டானா இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கைவைத்து, “அவ ஓட்டினதை நானே கெடுத்துட்டேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. எனக்கும் கண் என்னவோ செய்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா திரும்பி வந்தபோது நல்ல நேரம். பெண்களில் மூன்றாவது இடம். பத்து விநாடி ஏற்றினால் அது போய்விடும். பல் டாக்டர் என் காதருகே குனிந்து, “கை வழுக்கினதுன்னு விட்டுடலாமே” என்றார். நான் பேனாவை மூடினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, “வெயில் கண்ணுல அடிச்சுது. நான் எதையும் பார்க்கல” என்றேன்.

அக்கா சைக்கிளை விட்டு இறங்கி, இன்னும் மூச்சு வாங்கியபடியே என் முன்னால் வந்து நின்றார்.

“பொய் சொல்லாதீங்கண்ணே. தள்ளினார். அவர் கை என் முதுகுல பட்டுது. எழுதுங்க.”

“மூணாவது இடம் போயிடும்க்கா.”

“போகட்டும். அவர் வந்தார்னு வேற எங்கண்ணே எழுதுவீங்க?”

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. நான் பேனாவைத் திறந்து பத்து விநாடியை ஏற்றினேன். காரணம் எழுதும் இடத்தில் வழக்கமாக ‘தள்ளல்’ என்று மட்டும் எழுதுவேன். அன்று, ‘கணவர் தள்ளினார்’ என்று எழுதினேன்.