எந்திச்சிட்டேன்

பேய் பிசாசெல்லாம் நமக்கு ஒத்து வராது. நான் பயப்படுறதெல்லாம் கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, இந்த மாதிரிதான். எட்டாவதோட படிப்பை விட்டவன் என்னத்தையோ உளறுறான்னு நீங்க சிரிக்கலாம், ஆனா நடந்தது நடந்ததுதான்.

தாராவியில நானும் மாரியப்பனும் பெரும்பாலும் செத்தவங்க வீட்டுல கெடக்கிற பழைய மூச்சு மிஷினுங்களை வாங்கி ரிப்பேர் பண்ணி விக்கிறோம். தூங்கும்போது மூக்குல மாட்டினா காத்து தள்ளுமே, அது. உள்ள இருக்கிற போர்டுக்கு புரோகிராம் எழுதிக் குடுக்கிறது சான்பாடாவில இருக்கிற என் அக்கா மகன் இசக்கி. "டிரைவர் எழுதிட்டேன் மாமா"ன்னான் ஒரு நாள். "வண்டி எங்கல?"ன்னேன். மோட்டாரை ஓட்டுற புரோகிராமுக்குத்தான் டிரைவர்னு பேராம். மோட்டார் நின்னுபோனா அதுவே கரண்டை வெட்டி, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் குடுத்து எழுப்பிப் பாக்குமாம். எழும்பலேன்னா ஸ்கிரீன்ல 'எந்திக்கல'ன்னு வரும், எழும்பினா 'எந்திச்சிட்டு', அதாவது எழும்பிருச்சுன்னு வரும். அவங்க அம்மாவுக்குப் புரியணும்னு நம்ம ஊர்ப் பேச்சுலயே போட்டிருந்தான்.

அந்த அக்கா ஆண்டாப் ஹில்ல இருக்கா. மிஷின் இல்லாம கண்ணசந்தா மூச்சு நின்னாலும் நின்னுரும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அவ மிஷின் கெட்டுப்போச்சுன்னு போன் வந்ததும், கடையில இருந்த ஒரு பொட்டியைத் தூக்கிக்கிட்டு மழையில பஸ் ஏறினேன். போய்ப் பாத்தா, ராத்திரி பூரா தூங்காத மனுஷி சுவத்துல சாஞ்சு கண்ணு செருகிக் கெடக்கா.

மாட்டி விட்டேன். 'எந்திக்கல'. மறுபடியும் 'எந்திக்கல'. அடுத்த தடவை குழாயில காத்து வந்துச்சு, நம்பினா நம்புங்க, கையை வச்சே பாத்தேன். ஸ்கிரீன்ல 'எந்திச்சிட்டேன்'னு இருந்துச்சு. இசக்கி மாத்தி எழுதிட்டான் போலன்னு விட்டுட்டேன். அக்கா நல்லாத் தூங்கினா, நான் அவ நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சாயங்காலம் அவ எழும்பி மாஸ்க்கைக் கழட்டின பெறகு மாரியப்பன் போன் பண்றான். "அண்ணே, எந்தப் பொட்டிய தூக்கிட்டுப் போனிய? நல்ல பொட்டி இங்கனதான் இருக்கு. இன்னொண்ணுல இருந்து கழுவ எடுத்த மோட்டாரும் இங்கனதான் கெடக்கு."

பொட்டியைத் திறந்தேன். மோட்டார் இருக்க வேண்டிய எடம் காலி. வயர் மட்டும் தொங்குது.

இசக்கிகிட்ட சொன்னா, "மோட்டார் சுத்தி பதில் அனுப்பினாத்தான் மாமா அந்த எழுத்தே வரும்"ங்கிறான். அதுவும் 'எந்திச்சிட்டேன்'னு அவன் எங்கயும் எழுதவே இல்லையாம். புரோகிராம் முழுக்கத் தேடிட்டான்.

அக்காகிட்ட எதையும் சொல்லல, பயந்துருவா. அன்னைக்கே நல்ல பொட்டியைக் கொண்டாந்து மாத்திட்டேன், இப்போ அதுலதான் தூங்குறா. போன வாரம் போனப்ப சும்மா பேசிக்கிட்டு இருந்தவ கேட்டா, "ஏல, அன்னைக்கு பக்கத்துல உக்காந்து வெத்தல போட்டியோ? மாஸ்க் காத்துல வாடை வந்துக்கிட்டே இருந்துச்சு."

ஆமான்னுட்டேன். நான் இந்த வயசு வரைக்கும் வெத்தலையை வாயில வச்சதில்ல.