மிஸ் வேர்ணாவின் யோகராணி

காரைச் சுற்றி ஒரு வலம். நாலு ரயரையும் சப்பாத்து நுனியால் ஒவ்வொரு தட்டு. கீழே எண்ணெய் ஏதும் ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. பிறகு ஏறி இருந்து, சீற் பெல்ற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, ஹோர்னை இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் யோகராணி வண்டியை எடுப்பாள். நேரம் காலை ஐந்து இருபது, வெளியே மைனஸ் பதினெட்டு. மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் எவரும் அலாம் வைப்பதில்லை, தேவையும் இல்லை. பல் கிடுகிடுக்கப் பக்கத்தில் இருந்துகொண்டு, "இது கொரோலாவடி, ஃபோர்க்லிஃப்ட் இல்லை" என்று எட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"பாக்காமல் எடுக்கக்கூடாது அக்கா. மிஸ் வேர்ணா கண்டால் ஏசுவா."

மிஸ் வேர்ணா அந்த நேரம் அஜின்கோர்ட்டில் தன் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அங்கிருந்து எப்படிக் காண்பார் என்று கேட்டால் யோகராணி ஹோர்னை இன்னொரு தரம் அடிப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வெயாஹவுஸில் வேலை. நான் பெட்டி ஒட்டுகிறவள். அவள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். ஆள் ஐந்தடிகூட இல்லை. மெசினில் ஏறி இருந்தால் மஞ்சள் தொப்பி மட்டும்தான் தெரியும், மெசின் தன்பாட்டில் ஓடுகிறதோ என்று புதிதாய் வருகிறவர்கள் பயப்படுவார்கள். வேலைப் பழக்கம் அவளைக் கடைத்தெருவிலும் விடாது. தமிழ்க் கடையில் ட்ரொலி தள்ளிக்கொண்டு போகும்போது, அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற வரிசை முடியும் இடத்தில் நின்று, வாயால் "பீப், பீப்" என்பாள். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கிற சனம் திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும். அவளுக்குப் போகாது.

இந்தப் பழக்கமெல்லாம் மிஸ் வேர்ணாவின் கைவண்ணம். பத்தொன்பது வயதில் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர். எங்கள் தளத்தில் ஃபோர்க்லிஃப்டில் ஏறிய முதல் பெண் அவர்தான். வந்த காலத்தில் தளத்தில் பெண்களுக்குக் கழிவறையே இல்லையாம், வெளியே இறங்கிப் பனிக்குள் நடந்து ஒஃபிஸ் கட்டிடத்துக்குப் போகவேண்டும். மிஸ் வேர்ணா ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. போன நேரம், வந்த நேரம், அன்றைய குளிர், தாமதத்துக்காக அவரை ஏசியவர் யார், என்ன சொல்லி ஏசினார் என்று ஒரு சின்னக் கொப்பியில் ஏழு மாதம் எழுதினார். எட்டாவது மாதம் யூனியனும் முதலாளி பக்கமும் சந்தித்த கூட்டத்தில் எழும்பி நின்று அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பாதி வாசிக்கும்போதே முதலாளி பக்கத்து ஆட்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. இன்றைக்கு நாங்கள் போய்வருகிற இரண்டு கழிவறையும் அந்தக் கொப்பியில் பிறந்தவை.

எங்களோடு கிடந்து எங்கள் தமிழிலும் ஒரு முப்பது சொல் பிடித்து வைத்திருக்கிறார். அநேகம் கட்டளைகள். "கெதியா வாங்கோ." "தள்ளி நில்லுங்கோ." "சாப்பிட்டாச்சோ?" மற்றதெல்லாம் தன் ஊர் ஆங்கிலத்தில் பேசுவார், அதை நான் இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

யோகராணி அவரிடம் அகப்பட்டது ஒன்பது வருடத்துக்கு முன். ஃபோர்க்லிஃப்ட் பழக விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். இவள் போய் எழுதிவிட்டாள். எங்கள் சுப்பவைசர் வின்சன்ற், எங்கள் ஆள்தான், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஆறு பெடியங்களுக்கு நடுவில் நின்று தமிழில் சொன்னார்: "உவவுக்கு மெசினைக் குடுத்தால் பிறகு கட்டிடத்துக்குச் சுவர் மிஞ்சாது. வீட்டை போய்ப் புட்டு அவிக்கச் சொல்லு." எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் யோகராணியும் சேர்ந்து சிரித்தாள்.

பக்கத்தில் மெசினில் இருந்த மிஸ் வேர்ணா எஞ்சினை நிற்பாட்டினார். "என்ன சொன்னார்?"

"ஒண்டுமில்லை," என்றாள் யோகராணி.

"ஒண்டுமில்லாததுக்கு ஆறு ஆம்பிளைகள் சிரிக்க மாட்டார்கள்." இறங்கி வந்து, நெஞ்சுப் பையிலிருந்து கொப்பியை எடுத்து, பேனை மூடியைப் பல்லால் கழற்றி, வின்சன்றிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "தயவுசெய்து இங்கிலீஷில் ஒருக்கால் சொல்லுங்கோ. மெதுவாய். எழுதவேணும்."

"சும்மா பகிடிக்கு, வேர்ணா."

"நல்லது. பகிடியைச் சொல்லுங்கோ, நானும் சிரிக்கிறன்."

வின்சன்ற் தன் சப்பாத்து நூலைப் பார்த்தார். பெடியங்கள் ஒவ்வொருவராய் வேலை ஞாபகம் வந்து கழன்றார்கள். அடுத்த கிழமை பழகுகிறவர்கள் பட்டியலில் யோகராணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. பழகின முதல் நாளே தக்காளி ரின் அடுக்கிய பலகையைக் கவிழ்த்து நிலத்தைச் சிவப்பாக்கினாள். அழுதுகொண்டு நின்றவளிடம் மிஸ் வேர்ணா துடைப்பக்கட்டையைக் கொடுத்தார்: "நான் கவிழ்த்தது ஊறுகாய்ப் போத்தல். 'உன்ர நிறத்து ஆக்களுக்கு மெசின் சரிவராது, அதுவும் பொம்பிளை' எண்டு அப்ப இருந்த மனேஜர் சொன்னவர். அவர் போயிட்டார். நான் இருக்கிறன். கூட்டு."

லைசென்ஸ் கிடைத்த அன்று மிஸ் வேர்ணா அவளுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்து காருக்குள் இருந்து யோகராணி முதல் பக்கத்தில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே காரில், மிஸ் வேர்ணாவைப் பற்றி அவள் சொன்ன ஒரு சொல். கறுப்பு மனிதரைக் குறிக்க எங்கள் சனத்தின் வாயில் கூச்சமில்லாமல் புழங்குகிற அந்த வசை. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கதையைப் போடுகிற பத்திரிகை ஆசிரியரையும் கொப்பியில் ஏற்றிவிடுவாள். கீழே, சொன்ன ஆள்: யோகராணி. சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.

"என்னை ஏனடி இழுக்கிறாய்? நான் என்ன செய்தனான்?"

"நீங்கள் சிரிச்சனீங்கள் அக்கா."

உண்மைதான்.

அதன்பிறகு கொப்பிக்குத் தப்பினவர் இல்லை. கோயிலில் பெண்களை நிர்வாகசபையில் எடுக்கிறதில்லை என்ற தலைவர் இருக்கிறார். வீடு பார்க்கப் போன இடத்தில் "உந்தப் பக்கம் கறுப்பு ஆக்கள் கனபேர், வேண்டாம்" என்று அக்கறையாய்ச் சொன்ன வீட்டுத் தரகர் இருக்கிறார். அவள் கணவன் குலசிங்கத்துக்கு மட்டும் பதினொரு பக்கம். "கலியாண அல்பத்தைவிட அதிலதான் என்ர படம் கூட," என்று பாவம் மனிதர் தேநீர் குடித்துக்கொண்டு சொல்வார்.

இவ்வளவு வீரமும் ஓர் ஆளுக்கு முன்னால் ஆவியாகிவிடும். குலசிங்கத்தின் மூத்த அக்கா தவமணி. அந்த மச்சாளின் பெயர் போனில் விழுந்தாலே யோகராணி எழும்பி நின்றுதான் கதைப்பாள். கொப்பியில் மச்சாளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். ஒன்பது வருடமாய் அது வெறும் பக்கம்.

போன கோடையில் யோகராணியின் மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கீதன் பிறம்ரன் பெடியன், நல்ல பிள்ளை. தாலி கட்டி முடிய, இரண்டிரண்டு பேராய்த் தட்டுப் பிடித்து மணமக்களுக்கு ஆலாத்தி சுற்றுகிற பெண்களில் ஒருவராக மிஸ் வேர்ணாவைக் கேட்டுவிட்டாள் யோகராணி. மிஸ் வேர்ணாவும் லேசுப்பட்டவரா? கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் சேலை எடுத்தார். வீட்டில் கேக் வேகவைக்கிற தட்டில் வாழைப்பழத் துண்டு மூன்றை வைத்து, திரி குத்தி, கொழுத்தி, மூன்று கிழமை சுற்றிப் பழகினார். பழகுகிற வீடியோவை எங்களுக்கு அனுப்பிப் பிழை திருத்தச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் இருக்க மச்சாளின் போன் வந்தது. "கலியாணமே கட்டாத மனிசி, அதுவும்..." என்று தொடங்கி அந்த வசைச்சொல்லில் போய் நின்றது. "பிள்ளை வாழப்போற நேரத்தில உதென்ன விளையாட்டு? சுமங்கலியள் செய்யிற வேலை. சபையில மானம் போகும்." யோகராணி நின்றபடியே ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்றாளாம். மறுநாள் காருக்குள் என்னிடம் புத்தி கேட்டாள். நானும் பெரிய மனுசியாட்டம், "ஆலாத்திக்குப் பதிலாய் மண்டப விளக்கை ஏத்த விடன். கலியாணத்துக்கு வாற கவுன்சிலர்மாருக்கும் அதைத்தானே குடுக்கிறவை" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் யோகராணி மிஸ் வேர்ணாவிடம் அதைச் சொன்னாள். விளக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று நாலு தரம் விளக்கினாள். மிஸ் வேர்ணா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். 

"யார் சொன்னது?"

"ஒருத்தருமில்லை."

"ராணி, நான் விளக்கும் ஏத்துவன், தட்டும் பிடிப்பன், பின்னுக்கு இருந்து வடையும் தின்னுவன். எனக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் அவைக்கு என்ன விருப்பம் எண்டுதான் நீ இவ்வளவு நேரமும் சொன்னனீ. உனக்கு என்ன விருப்பம்?" குரலில் கோபம் இருந்தால் பரவாயில்லை. இல்லை. யோகராணி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கவே, மிஸ் வேர்ணா எழும்பி வேலைக்குப் போனார்.

அன்று பின்னேரம் யோகராணி ரயர் தட்டாமல், ஹோர்ன் அடிக்காமல் காரை எடுத்தாள். வழி நெடுகக் கண்ணைத் துடைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் எஞ்சினை நிற்பாட்டி இறங்கி வந்த மனுசிக்கு, ஒரு தட்டைக்கூடக் கொடுக்க வக்கில்லாமல் போனேனே என்பதுதான் அவளின் அழுகை. 

கலியாண மண்டபத்தில் ஐந்நூறு சனம். மிஸ் வேர்ணா மாம்பழச் சேலையில் வந்து, கேட்டபடி விளக்கில் ஒரு திரியை ஏற்றிவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் இருந்தார். தாலி கட்டியாயிற்று. ஐயர் "ஆலாத்திக்கு வாங்கோ" என்றார். தவமணி மச்சாள் பட்டுச் சரசரக்க மணவறையில் ஏறி, தட்டில் ஒரு பக்கம் பிடித்தபடி தன் சோடிக்கு யாரையோ தேடினார். அப்போதுதான் மணவறைப் படியிலிருந்து யோகராணியின் குரல் வந்தது, வெயாஹவுஸில் வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற அதே குரல்.

"மிஸ் வேர்ணா! கெதியா வாங்கோ!"

மிஸ் வேர்ணா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். உடனே மச்சாள் கையை எடுத்தார். "எனக்குக் கை நடுங்குது, வேற ஆரும் பிடியுங்கோ," என்று ஒதுங்கி நின்றார். மிஸ் வேர்ணா அந்தப் பாரமான தட்டைத் தனியே தாங்கிக்கொண்டு நின்றார். வேறு ஆரும் பிடிக்கவில்லை. சுமங்கலிகள் எல்லோருக்கும் திடீரென்று நிலத்தில் ஏதோ விழுந்துவிட்டது. எனக்கும் தாலி இருக்கிறது, இரண்டு கையும் சுகமாய் இருக்கிறது. நான் என் சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 

யோகராணி ஏறிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். 

"பெத்த தாய் எடுக்கிறதில்லைப் பிள்ளை," என்று கீழே ஒரு குரல். அவள் திரும்பவில்லை. பயத்திலோ வேகத்திலோ தட்டை இடப்பக்கமாய்ச் சுற்றத் தொடங்கிவிட்டாள். முகம் வியர்த்து ஊற்றியது.

"மறுபக்கம், ராணி. மறுபக்கம்," என்றார் மிஸ் வேர்ணா, தமிழில், தாழ்ந்த குரலில். லக்சிகா சிரிப்பை அடக்க முடியாமல் மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்தாள். தட்டு நின்று, திரும்பி, வலம் சுற்றியது. மூன்று சுடரும் அணையவில்லை.

சுற்றி முடிய வீடியோக்காரர் கையைத் தூக்கினார். "அன்ரி, முதல் சுத்தினது பிழையா வந்திட்டுது. திருப்பி ஒருக்கால் எடுப்பம்."

வீடியோ என்றதும் மச்சாளின் கை நடுக்கம் சுகமாகிவிட்டது. யோகராணியின் பின்னால் வந்து, "சரி, அவவை இறங்கச் சொல்லு. நாங்கள் ரண்டு பேரும் வடிவாய்ச் சுத்துவம்," என்று தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

யோகராணி தட்டை இறுக்கிப் பிடித்தபடி, மச்சாளின் கை எட்டாதபடி முழங்கையை ஒரு சாண் வெளியே அகட்டினாள்.