நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளை

கார்ல்டன் வீடர் என்ற பெயரை லவோன் ஹேட்ச் முதன்முதலில் கேட்டது பள்ளிச் சமையலறையில், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது. பால் வண்டிக்காரர்தான் சொன்னார்.

"அக்கா, நகராட்சிக்குப் புதுசா ஒரு திட்ட அதிகாரி வந்திருக்கான். போர்ட்லண்டுக்காரன், கார்ல்டன் வீடராம். நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு கணக்குப் போட்டிருக்கானாம்."

"எந்த ஊர்ல?"

"நம்ம ஊர்லதான்."

லவோன் மத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஐடஹோவில், சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் டன்மோரில், ஐந்து பிள்ளை பெற்றவளைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். லவோனோடு பிறந்தவர்களே எட்டுப் பேர். யார் மகள் யார் வீட்டுக்குப் போனாள், யாருக்கு எது எத்தனையாவது பேறு, எல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில்.

சிரிப்பு அடங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கால்வாயோரம் பதினைந்து ஏக்கர் கிழங்கு வயலைப் புதுப் பள்ளிக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஊருக்கு அறுநூறு புது வீடுகள் வரப்போகின்றன. கார்ல்டன் கணக்கில் நூற்றைம்பது பிள்ளைகள். அதற்குப் பழைய பள்ளியே போதும், வயலை, வீட்டுச் சாமான்களை வாடகைக்குப் பூட்டி வைக்கும் கிடங்குக்குக் கொடுத்துவிடலாம். இப்போதே இடம் போதாமல் முதல் பந்திக்குப் பத்தரை மணிக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் லவோன்.

பள்ளி நிர்வாகம் தடுத்திருக்கலாம். நகராட்சிக்கும் அவர்களுக்கும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், காபி பொது. கார்ல்டனும் பள்ளி நிர்வாகியும் தினமும் காபிக்கு நின்று மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுவார்கள். வீடுகளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அதற்குக் கடிதம் இருக்கிறதே. சுவரின் இந்தப் பக்கம் போட்ட கடிதம் நூறு மைல் தள்ளிப் போய் முத்திரை வாங்கி, நான்காம் நாள் அந்தப் பக்கம் வந்து சேரும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் தவணை. முப்பத்தொன்றாம் நாள் நிர்வாகி உறையைப் பிரித்தார்.

மிச்சமிருந்தது பொதுக்கூட்டம். யாரும் மூன்று நிமிடம் பேசலாம். லவோன் எழுந்தாள்.

"புதுத் தெருவுல நாப்பது வீடு முடிஞ்சிருக்கு. தெரு முக்குலதான் என் வீடு. போன ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வாசலுக்கு வந்ததுல அந்த நாப்பது வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒண்ணா, நூத்தி முப்பத்தோரு மிட்டாய் என் கையால குடுத்தேன்."

கார்ல்டன் பணிவாகவே கேட்டார். "மேடம், வேற தெருப் பிள்ளைங்களும் வந்திருப்பாங்க இல்லையா? வேஷம் வேற போட்டிருப்பாங்க."

"தினம் சோறு போடுறவ நான். மூஞ்சிய மூடிட்டா அடையாளம் தெரியாதா, தம்பி? எழுதிக்கங்க. முதல் வீடு ஸ்டோடர்டு. நாலு பிள்ளைங்க, அஞ்சாவது மே மாசம். ரெண்டாவது வீட்டுக்காரி என் ஓரகத்தி மக, அவளுக்கு ஆறு..."

மூன்றாவது வீட்டை எண்ணும்போதே நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

"மூணு நிமிஷத்துல இந்த ஊர்ப் பிள்ளைங்களை எண்ணி முடிக்க முடியாது. அதையாவது எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மிட்டாய் ஆதாரமாகாது என்று முடிவாயிற்று. ஐந்து உறுப்பினர்களும் கிடங்குக்கே கை தூக்கினார்கள். அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து இருபத்தெட்டுப் பிள்ளைகள்.

அடுத்த வசந்தத்தில் கார்ல்டன் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வேறு யாருமில்லை, லவோனின் தங்கை மகள் ஜனீல். புதுத் தெருவிலேயே வீடு. முதலில் இரட்டை, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. நாலாவதைப் பார்க்க லவோன் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கோடு போனாள்.

"மாப்ளே, உங்க கணக்குக்கு இது பதினாறு வீட்டுப் பங்காச்சே. எந்தப் பதினாறு வீட்டுல வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

"அத்தை, சராசரின்னா என்னன்னா..."

"உள்ள சராசரி அழுவுது. போய்த் தூக்குங்க."

இரட்டையர் பள்ளிக்குப் போன முதல் வாரமே கார்ல்டன் சமையலறைக்கு ஓடி வந்தார். "அத்தை, காலையில ஒன்பதே முக்காலுக்கா பீட்சா போடுறீங்க?"

"எட்டுப் பந்தி ஓடுது, மாப்ளே. இடமிருந்தா பன்னெண்டுக்குப் போட மாட்டேனா? இருந்த இடத்துல யார் யாரோ பழைய சோபாவைப் பூட்டி வச்சிருக்காங்க."

அந்த ஹாலோவீனுக்குக் கார்ல்டன் தன் வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நோட்டை நகராட்சியில் காட்டியபோது, மிட்டாய் ஆதாரமாகாது என்று அன்று அவரே போட்ட கையெழுத்தை எடுத்துக் காட்டினார்கள். புத்தாண்டு பிறப்பதற்குள் வேலையை விட்டுவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

கார்ல்டன் வீடர் இப்போது பள்ளி நிர்வாகத்தின் திட்ட அதிகாரி. அவருக்குக் கொடுத்த அறையும் வகுப்பாகிவிட்டதால், பள்ளி மைதானத்தில் லாரியில் கொண்டுவந்து இறக்கிய ஒன்பதாம் எண் தற்காலிகப் பெட்டி அறையில் உட்கார்ந்து, ஊருக்கு வெளியே ஆறு மைலில் பள்ளிக்கு நிலம் தேடிக்கொண்டிருக்கிறார். ஒன்பதே முக்காலுக்கு முதல் பந்தியில் சாப்பிடுகிறார்.