அம்மா பாடாத அல்லேலூயா

கும்மிடிப்பூண்டி கோயிலில் நான் நடத்தும் பாட்டுப் பயிற்சிக்கு வந்த ஸ்டீபன், வரும் தவக்காலத்துக்குப் பாடலாமா என்று செல்போனில் ஒரு லத்தீன் பாட்டைப் போட்டான். தாளமே இல்லாமல் நீண்டுபோகும், கிரகோரியன் என்கிற பழைய பூசை ராகம். கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அம்மா அப்படித்தான் நிமிர்ந்து நின்று பாடுவாள். லத்தீனில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. எல்லாம் கேட்டே பிடித்துக்கொண்டது. மெழுகுவாசம் நிறைந்த அந்த ஓட்டுக் கோயிலில் அவள் குரல்தான் முன்னால் போகும். அப்போதெல்லாம் தவக்காலத்துக்கு மூன்று ஞாயிறு முன்பே, மகிழ்ச்சிப் பாட்டான அல்லேலூயாவை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஈஸ்டர் பாஸ்குவுக்குத்தான் பாடுவார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வழிபாட்டுக் காலண்டரை மாற்றினார்கள். சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கும்வரை அல்லேலூயா பாடலாம் என்றார் பங்குச்சாமியார்.

"நான் எப்பவும் நிறுத்துற நாள்லயே நிறுத்திக்கிறேன் சாமி," என்றாள் அம்மா.

"அப்போ யாரும்மா பாடுறது?"

"எம்பொண்ணு பாடுவா. எனுக்குத்தான் வாய் வரல."

அந்த ஞாயிறு அல்லேலூயாவை நான் எடுத்தேன். பாதியில் குரல் உடைந்தது. எடுத்துக் கொடுப்பாளா என்று பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன்.

"உடாத, பாடு," என்றாள் மெல்ல.

மூச்சை இழுத்து முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சனமும் சேர்ந்துகொண்டது. அம்மாவின் உதடு மட்டும் கடைசிவரை அசையவில்லை. பாஸ்கு பூசையில் அவள் வாய் திறந்தபோது, அவள் குரலுக்குச் சமமாக நானும் பாடினேன்.

"இதைப் பாடுறது ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல ஆன்ட்டி?" என்றான் ஸ்டீபன், செல்போனை நிறுத்திவிட்டு.

"கஷ்டந்தான்," என்றேன். "பாடுவோம்."