அட்டைக்கடி சிவசக்தி

சிவசக்தியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. வயது பதினேழு. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளை. எங்கள் மெட்டல் இசைக் குழுவுக்கு ‘அட்டைக்கடி’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கிட்டார் நான், மிப்ரான். பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்தபடி அவள் அலறுவாள். பதிவெல்லாம் அவள் வீட்டுக் காம்பரா அறையில், போனில். பிய்ந்த செருப்பு, வேகாத பருப்பு, காலில் ஏறும் அட்டை என்று எல்லாவற்றுக்கும் பாட்டு இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

இருந்த ஒரே ரசிகர் அவளுடைய அப்பா பொன்னையா. இதயம் பலவீனமாகி ஐந்து மாதமாய்ப் படுக்கை. எதற்கும் தயாராக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அம்மா வேலாயி கொழுந்து பறிக்கும்போதும் ஒரு காதை லயத்துப் பக்கமே வைத்திருப்பாராம்.

ஒரு சனிக்கிழமை, வாளிச் சத்தம் போதாது என்று கோயிலிலிருந்து தப்பு மேளம் வாங்கி வந்து, நெருப்பில் தோலைக் காய்ச்சினாள். தோட்டத்தில் சும்மா ஒரு நாளில் தப்புச் சத்தம் கேட்டால் சாவு விழுந்துவிட்டது என்று அர்த்தம். டவுன்காரன் எனக்கே அது தெரியும். கேட்டதற்கு, எல்லாரும் மேல்மலையில் நிற்கிறார்கள், அங்கே கேட்காது என்றாள். மழை இறங்கியதால் ஆட்களை லயத்தை ஒட்டிய சரிவுக்கு மாற்றியிருந்தது இந்த மகாராணிக்குத் தெரியாது.

போனில் பதிவைப் போட்டுவிட்டு அடித்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் வாசலில் ஓர் ஓலம். “ஐயோ, என் ராசா, என்னய விட்டுட்டுப் போயிட்டியே!” கூடையோடு விழுந்தடித்து ஓடி வந்திருந்தார் வேலாயி. பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

பொன்னையா கட்டிலில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலாயி கூடையைக் கழற்றி மகளை நாலு சாத்து சாத்தினார். எனக்கும் ஒன்று விழுந்தது. பிறகு பொன்னையாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். பதிவை அழித்துவிடச் சிவசக்தி போனை எடுத்தாள்.

“அழிக்காத” என்றார் பொன்னையா. “முப்பது வருசத்துல ஒரு நாள்கூட என்னய ராசான்னு சொன்னதில்ல. செத்திருந்தா இதக் கேட்டிருப்பேனா? இன்னொருக்கா போடு.”

போட்டாள். நாலு தடவை கேட்டார். வேலாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து மட்டும் போகவில்லை.