அக்காவின் கையில் இல்லாத தீப்பெட்டி

இந்த நாட்டில் திங்கட்கிழமை காலை யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். சனி, ஞாயிறு என்ன செய்தாய்? வெலிங்டனில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள், காபி கலக்கிக்கொண்டே கேட்பார்கள். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று சொன்னால், உடம்புக்கு முடியாதவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சிவகாசியில் பதினோரு வருஷம் ஆஃப்செட் மெஷின் முன்னால் நின்றவன் நான். காலண்டர் சீசனில் ஞாயிறு என்று ஒரு கிழமை இருந்ததாகவே எங்களுக்கு நினைவிருக்காது. என்றைக்காவது லீவு கிடைத்தால் தூங்குவோம். தூங்கியதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. இங்கே சும்மா இருந்ததற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பில்தான் ஒரு தடவை, பக்கத்து மெஷின்காரனான கிரெய்க் ‘இந்த வாரம் எங்களோடு வாயேன்’ என்றபோது சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

கிரெய்க் நல்ல மனுஷன், சினிமாப் பைத்தியம். அவனும் நண்பர்கள் நாலு பேரும் ஒரு குறும்படப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் குழுக்களையும் ஒரு ஹாலில் கூட்டி, படத்தில் கட்டாயம் வர வேண்டிய ஒரு பொருளைச் சொல்வார்கள். அங்கிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கதை எழுதி, நடித்து, எடுத்து, வெட்டி ஒட்டி ஏழு நிமிஷப் படமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் போட்டியில் கிடையாது. அந்த வருஷம் அறிவித்த பொருள் தீப்பெட்டி. சொன்ன வேகத்தில் கிரெய்க் என் பக்கம் திரும்பினான். எங்கள் ஊரில் பாதிப் பேர் தீப்பெட்டியாலும் பட்டாசாலும்தான் சாப்பிடுகிறார்கள் என்று நானே ஒரு நாள் அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

‘உன் வீட்டில் யாராவது அந்த வேலை பார்த்திருக்கிறார்களா?’ என்று கேட்டான். அக்கா ஃபயர் ஆபீஸில் இருந்தாள் என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. ‘தீயணைப்பு வீராங்கனையா?’ என்றாள் கேமரா பிடிக்கும் பெண். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர், அங்கே நாற்காலியும் கிடையாது, மேஜையும் கிடையாது, தண்ணீர் பீய்ச்சும் வண்டியும் கிடையாது என்று விளக்குவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. விளக்கிக்கொண்டே வந்த வேகத்தில், அக்காவுக்கு நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

அக்கா பேச்சியம்மாள், எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். ஒரு சித்திரை மாதத்து வெயிலில் பக்கத்து ரூம் வெடித்தது. அக்கா வெளியே ஓடியவள், கூட வேலை பார்த்த வெள்ளத்தாய் வாசலிலேயே விழுந்து கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய், அவளைச் சேலையோடு பிடித்து இழுத்து வந்தாள். அதில் அக்காவின் வலது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆபீஸ் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். அக்காவின் கை தவறி வெடிமருந்துத் தட்டு விழுந்ததால்தான் தீப்பிடித்தது என்று அதில் எழுதியிருந்தது. ரூமே வேறு, தட்டே அவளிடம் இல்லை. வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரலை வைக்கச் சொன்னார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா இடது கையை முதுகுக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டாள். ‘என் கை தவறல. வேற எதுவும் நான் சொல்றதுக்கில்ல’ என்றாள். அவர் நாலு நாள் வந்தார். நாலு நாளும் அவள் அப்படியே படுத்துக் கிடந்தாள்.

கிரெய்க் குழுவுக்கு இந்தக் கடைசிப் பகுதி தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி செட் போட நேரமில்லை, தாளில் தீப்பெட்டியும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் கதை தயாராகிவிட்டது. இருட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வெளிச்சத்துக்காகத் தீக்குச்சி கிழிக்கிறாள், எல்லாம் எரிகிறது, அவள் அழுகிறாள். நான் பதறிப்போனேன். ஆபீஸ் கேட்டிலேயே சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள், தீப்பெட்டியோடு ஒருத்தரும் உள்ளே போக முடியாது, இது பெரிய பொய் என்றேன். கிரெய்க் பொறுமையாகத்தான் சொன்னான். தீப்பெட்டி படத்தில் வந்தே ஆக வேண்டும், இன்னும் முப்பது மணி நேரம் கூட இல்லை, இது உன் அக்கா இல்லை, வெறும் கதை.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஊருக்குப் போன் போட்டேன். அப்போது எங்கள் தெருவுக்கே மளிகைக்கடை போன் ஒன்றுதான். ஊரில் காலை எட்டரை மணி. கடைக்காரர் எடுத்து, அக்கா ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போனவள் இன்னும் வரவில்லை, ஞாயிறு பொழுது சாயத்தான் வருவாள் என்றார். ஊரில் ஞாயிறு பொழுது சாய்கிறபோது இங்கே படத்தைக் கொடுத்து முடித்திருப்பார்கள். போனை வைத்துவிட்டு வந்தேன். ‘என்ன சொன்னாள்?’ என்றான் கிரெய்க். ‘கிடைக்கவில்லை’ என்றேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு லைட்டை நகர்த்தப் போனான். அப்போது நான் கிளம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நடித்த பெண்ணுக்கு முந்தானையைச் சரியாகச் செருகிவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் ஃபிஜி இந்தியப் பெண், தமிழ் தெரியாது. அதனால் படத்தில் அக்காவுக்குப் பேச்சே இல்லை.

அடுத்த வாரம் நகரத்துத் தியேட்டரில் எல்லாப் படங்களையும் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முன்னூறு பேர் இருப்பார்கள். எங்கள் படத்துக்கு முன்னால் ஒரு பேய்ப்படம், அதற்கு முன்னால் ஒருவன் பல்செட்டைத் தொலைத்துவிட்டுத் தேடும் படம். சிரித்து முடித்த கூட்டம் எங்கள் படத்தில் அமைதியானது. திரையில் தீக்குச்சி உரசியபோது பக்கத்தில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. குழுவை மேடைக்குக் கூப்பிட்டு, நிகழ்ச்சி நடத்தியவர் என்னிடம் மைக்கை நீட்டினார். இது உண்மைக் கதையாமே என்றார். ‘என் அக்கா அதைச் செய்யவில்லை. அவள் கையில் தீக்குச்சி இல்லை’ என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் முகம் இளகிப்போய் என் முதுகைத் தடவினார். ‘இல்லை, இல்லை. இங்கே யாரும் உங்கள் அக்காவைக் குற்றம் சொல்லவில்லை’ என்றார். கூட்டம் இன்னொரு தடவை தட்டியது. அன்றைக்கு மக்கள் தேர்ந்தெடுத்த படம் எங்களுடையதுதான்.

கார்த்திகையில் லீவுக்கு ஊருக்குப் போனபோது டிவிடியைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிறகொரு நாள் கடைக்காரரிடம் போனில் வாய் தவறிச் சொல்லியிருந்ததால் தெருவே காத்திருந்தது. அக்கா அப்போது ஒரு பிரிண்டிங் கம்பெனியில் இடது கையால் காலண்டர் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீசன் நேரம், அரை நாள் லீவு கேட்டு வாங்கி வந்திருந்தாள். டிவியைத் தூக்கி வாசலில் வைத்து, இருபது முப்பது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். வெள்ளத்தாயும் வந்திருந்தாள். இங்கே யாரும் அமைதியாகப் பார்க்கவில்லை. ‘அங்கனயும் நம்ம மாதிரியே சேலை கட்டுதாக’ என்றார்கள், அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள். தீக்குச்சி உரசியதும் எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

வெள்ளத்தாய்தான் முதலில் கேட்டாள். ‘ஆபீசுக்குள்ள தீப்பெட்டியா? கேட்டுல யாருப்பா விட்டாக?’

நான் போட்டி, பொருள், நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடிபடாமல் போனது. எதற்காக அம்புட்டு அவசரம் என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கா எழுந்து டிவியை அணைத்தாள். ஒவ்வொருவராக எழுந்து போன பிறகு என் முன்னால் உட்கார்ந்தாள்.

‘ஏலே மாரி, அந்த சூப்பர்வைசர் கொண்டாந்த தாள்ல என்ன எழுதியிருந்துச்சோ, அதத்தான் நீ படமா எடுத்துட்டு வந்திருக்க’ என்றாள். சத்தம் போடவில்லை. ‘நாலு நாளு நான் விரல் வைக்கல. நீ எனக்குப் பதிலா அங்கன போயி வச்சுட்டு வந்துட்ட.’

உனக்குப் போன் போட்டேனே அக்கா என்றேன். இருக்கன்குடியிலிருந்து வந்ததும் கடைக்காரர் சொன்னதாகவும், மறுபடி நான் கூப்பிடுவேன் என்று ரெண்டு நாள் கடை வாசலில் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். அந்த ரெண்டு நாளும் நான் கூப்பிடவில்லை. படத்தைக் கொடுத்து முடித்த பிறகு அவளிடம் என்ன சொல்வது என்ற பயம்தான் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அவளே கேட்டாள். கேமரா கொண்டு வந்திருக்கிறாயா, அப்படியானால் எடு என்றாள். சுவரோரம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெந்த கையை மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு, பக்கத்து ரூம் வெடித்ததிலிருந்து நாலாவது தடவையும் அந்தத் தாள் திரும்பிப் போனது வரை ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இருபத்திரண்டு நிமிஷம்.

திரும்பி வந்து அதைப் போட்டி நடத்தியவர்களிடம் கொண்டுபோனேன். ஏழு நிமிஷத்துக்கு மேல் போகிறது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எடுத்ததும் இல்லை என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு யாரிடமெல்லாமோ கேட்டேன். கடைசியில் கிரெய்க்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன் பேட்டை நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இடம் பிடித்துக் கொடுத்தான். பதினான்கு பேர் வந்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து கீழே ஓடும் ஆங்கில வரிகளை நானே எழுதியிருந்தேன், முதல் வரியைத் தவிர. ‘உங்க ஊர்ல இதப் பாக்குறவுகளுக்குச் சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கோங்க’ என்று அக்கா ஆரம்பித்திருந்தாள். அந்த ‘உங்க ஊரில்’ நானும் சேர்த்தியா என்று தெரியாததால், நான் டைப் அடித்துப் பார்த்த எதுவும் சரியாக வரவில்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

படம் ஓடத் தொடங்கியது. கீழே எழுத்து வராததைக் கண்டு, பக்கத்தில் இருந்த கிரெய்க் என் பக்கம் சாய்ந்தான். யாரிடம் பேசுகிறாள் என்று மெதுவாகக் கேட்டான். ‘நம்மிடம்தான்’ என்றேன். அதே நேரம் திரையில், கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல் அவளுக்குப் பதில் சொன்னது. ‘சரிக்கா, சொல்லு.’