நல்லானதும் பார்ப்போம்

டாக்டர் பூங்கொடி இறந்த செய்தி எனக்கு வருவதற்கு முன்பே கூக்கால் மலைக்கிராமத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து பூண்டு விவசாயி முத்தையாவின் மனைவிதான் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். கொடைக்கானலில் ஒரே மருத்துவமனையில், பக்கத்துப் பக்கத்து அறையில், இத்தனை வருடம் நோயாளிகளைப் பார்த்தவர்கள் நானும் அவரும். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பொறாமை. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

முத்தையாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நிமோனியா முற்றி, ஆக்சிஜன் வைத்து எங்கள் வார்டில் கிடந்தார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுகள் குறைந்து வந்தன. கடும் நோயில் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். தைராய்டில் கோளாறே இல்லாமல் அளவு இறங்கும். பெரும்பாலும் அதற்கு மாத்திரை வேண்டியதில்லை. நோய் தீர்ந்தால் தானே ஏறிவிடும். இதை அவர் மகனுக்குப் படம் வரைந்தே விளக்கினேன். “ரிப்போர்ட்டுல சிவப்பாப் போட்டிருக்கு, மாத்திரை வேணாங்கிறீங்களே சார்,” என்று சொல்லிவிட்டு, அப்பாவை மதுரைக்குக் கொண்டுபோக ஜீப் பிடித்து வந்துவிட்டார். அந்த நிலையில் மலை இறங்கியிருந்தால் வத்தலக்குண்டு வரைகூடத் தாங்கியிருக்க மாட்டார்.

பூங்கொடி வந்து முத்தையாவின் காலருகே உட்கார்ந்தார். “ஏப்பா, காய்ச்சல்ல கெடக்குறவர ஓடவிட்டு வேகம் பாப்பாங்களா? மொதல்ல நெஞ்சு தெளியட்டும். நல்லானதும் பாப்போம்.” அவ்வளவுதான். “அம்மா சொன்னாச் சரிங்க,” என்று ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார் மகன். நான் சொன்னதும் அதேதானே!

முத்தையா தேறினார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது அளவுகளெல்லாம் சரியாக இருந்தன. விதைக்கென்று ஒதுக்கிய பூண்டை அவர்கள் வீட்டில் யாருக்கும் விற்பதில்லை. அதில் ஒரு கொத்து பூங்கொடியின் அறைக்கு வந்தது. பிறகு வருடந்தோறும் வந்தது. சுவர் தாண்டி வாசம் மட்டும் எனக்கு. “உங்களுக்குக் கொஞ்சம் தரவா?” என்பார். “எனக்குப் பூண்டு ஆகாதுங்க,” என்பேன். சுத்தப் பொய்.

கடைசியில் ரத்தத்தில் தொற்று பரவி அவரே எங்கள் வார்டில் படுத்தார். அவருடைய தைராய்டு அளவுகளும் அப்படியே இறங்கின. பழனியிலிருந்து வந்த தம்பி, மாத்திரை கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றார். இம்முறை நான் படம் வரையவில்லை. “காய்ச்சல்ல கெடக்குறவங்கள ஓடவிட்டு வேகம் பாப்பாங்களா? நல்லானதும் பாப்போம்,” என்றேன். தம்பி சட்டென்று தலையாட்டிவிட்டார். மாஸ்க்குக்குள் பூங்கொடிக்குச் சிரிப்பு. “என் வசனத்தத் திருடிட்டீங்க. இனி வாசங்கூடக் கெடையாது.” மறுநாள் எங்கள் கையை மீறிப்போக, ஆம்புலன்ஸில் மதுரைக்கு மாற்றினோம். நல்லாகி, அளவைத் திரும்பப் பார்க்க அவர் வரவேயில்லை.

நேற்று முத்தையா என் அறைக்கு வந்தார். பூங்கொடிக்கென்று எடுத்துவைத்த கொத்தை மேசைமேல் வைத்தார். எனக்குப் பூண்டு ஆகாது என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

“தெரியும் சார். ‘நான் இல்லாட்டி அவருகிட்டக் குடுங்க. ஆகாதும்பாரு, நம்பிறாதீங்க’ன்னு அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.”

கொத்து இப்போது என் அறையில் தொங்குகிறது. அவருடைய வசனத்தையும் தினமும் சொல்கிறேன், ஜனங்கள் கேட்கிறார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் என்னிடம் வந்துவிட்டது. பொறாமைப்படத்தான் பக்கத்து அறையில் ஆளில்லை.